பென்சிலால் எழுதிய அம்மா

தம்பிக்கு,

இன்றோடு 23 வருஷம். அந்த நாளைப் பற்றி எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும். இதைப் படிக்கும் சொந்தக்காரர்களுக்கும் அவரவர் பங்குக்குத் தெரியும். அது போதும்.

நான் பேச வந்தது ‘ஹோம்கமிங்’ பற்றி. சிந்தியா வோய்ட் எழுதி 1981இல் வந்த நாவல். நான்கு பிள்ளைகளைக் காரில் உட்கார வைத்து, டைசி சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு அம்மா போய்விடுகிறாள். டைசிக்கு வயது 13. எனக்கும் அப்போது அதே வயது. கடைக்குட்டிக்கு 6 வயது, பெயர் சாமி. “சாமிக்கே அம்மா இல்லையா?” என்று சிரித்தாய். எத்தனை மாதம் கழித்துச் சிரித்தாய்!

ஆங்கிலத்தில் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். அவர்கள் நடந்த தூரம், மரத்தடியில் தூங்கியது எதுவும் உனக்குப் பெரிதில்லை. ஒரே கேள்விதான்: “அம்மா எப்போ வருவாங்க?”

புத்தகத்தில் அவள் வரவே மாட்டாள். மருத்துவமனையில், யாரையும் அடையாளம் தெரியாமல் கிடக்கிறாள். நான் சொன்னேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் காத்துக்கொண்டு நிற்கிறாள் என்று. மறுநாள் வாய் தவறிக் கதவோரம் என்றேன். “நேத்து பாலம்னு சொன்னே” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாய். அப்புறம்தான் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்க ஆரம்பித்தேன். பாலம். கையில் பை. பச்சைப் புடவை.

14 வயதில் நீயே அதைப் படித்துவிட்டு, என் முன்னால் தூக்கிப் போட்டாயே, “எல்லாம் பொய்” என்று. மன்னித்துவிடுடா. ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ கேட்டது அந்தக் கதையின் அம்மாவை மட்டுமா? நீ தூங்கிய பிறகு மறுநாள் பக்கங்களை நான் தனியாகப் படிப்பேன். எனக்கு யாரும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. அதை ஒருநாளாவது கேட்டாயா?

பிள்ளைகளின் கதைகளில் பெற்றோரை முதலிலேயே அப்புறப்படுத்திவிடுவார்கள். பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் முடிவெடுக்க வேண்டியதில்லையே. உனக்குப் பிடித்த ‘பாக்ஸ்கார் சில்ட்ரன்’ அப்படித்தான்: சரக்கு ரயில் பெட்டியில் நான்கு பேர், குப்பைமேட்டில் பொறுக்கிய பாத்திரங்கள், எல்லாமே விளையாட்டு. பெற்றோர் இல்லாமல் இவ்வளவு சந்தோஷமா என்று அந்தக் காலத்து நூலகர்கள் சண்டைக்கு வந்தார்களாம். எனக்கும் அதைப் படித்தால் ஆத்திரம் வரும். அவர்களுக்காக இல்லை, எனக்காக. டைசி காசை எண்ணி எண்ணிப் பார்ப்பாளே, அதுதான் எனக்குத் தெரிந்த வாழ்க்கை. அதற்காக உன்னைச் சுமை என்று நினைத்ததில்லை. நினைத்தேன், சில நாள். இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உன் மகள் போன வாரம் போனில், “அத்தை, அப்பாவுக்குக் கதை சொன்ன புத்தகம் எனக்கு வேணும்” என்றாள். நீதான் அவளிடம் சொல்லியிருக்கிறாய்.

நேற்று அனுப்பிவிட்டேன். ரப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எதையும் அழிக்கவில்லை. பாலம் வரும் பக்கத்தை அவளுக்கு எப்படிப் படித்துக் காட்டுவது என்பதை நீ பார்த்துக்கொள்.

அக்கா