வாக்குத்தத்த அட்டையின் முந்தைய வசனம்

ஆசிரியருக்கு,

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்து, அந்த ஆண்டுக்கான வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பும் பலர், இந்த ஆண்டாவது வேதாகமம் முழுவதையும் வாசித்துவிட வேண்டும் என்று தீர்மானிப்பது வழக்கம். பெரும்பாலும் அது மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுபோகிறது. கணக்கு எளிதுதான்: 1,189 அதிகாரங்கள், தினம் மூன்று, ஞாயிறு மட்டும் ஐந்து என்றால் 52 வாரத்தில் முடியும். ஆனால் ஆதியாகமத்தின் 50, யாத்திராகமத்தின் 40 அதிகாரங்கள் ஜனவரியிலேயே தீர்ந்து, பலிகளின் சட்டங்கள் தொடங்கியதும் வேகம் குறைகிறது. நான்கு நாள் தவறினால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி. அதை ஒரே மூச்சில் அடைக்கப் பார்த்துத்தான் பலர் மொத்தமாகக் கைவிடுகிறார்கள். பாக்கியை விட்டுவிட்டு அன்றைய பகுதியை வாசிக்கலாம். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

முதன்முறை வாசிப்போர் புதிய ஏற்பாட்டை மட்டும் எடுப்பது நல்லது. 260 அதிகாரங்கள், வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று போதும்.

அட்டையில் எரேமியா 29:11 (தேவனின் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்லும் வசனம்) வந்தவர்கள் முந்தைய வசனத்தையும் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அனுப்பிய கடிதம் அது; அவர்கள் திரும்பிவர 70 ஆண்டு ஆகும் என்கிறது. அதுவரை வீடு கட்டி, தோட்டம் நாட்டி, அந்நிய நகரத்தின் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொல்வதும் அதே கடிதம்தான்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை