ஆச்சிக்குக் கை வலிக்கலையா?

ஸ்கார்பரோ, டொராண்டோ
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பனி இன்னும் விடவில்லை. குளிரைப் பற்றிப் போன கடிதத்திலேயே நிறைய எழுதிவிட்டேன், இன்று யாழினியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதுகிறேன். நீயும் சின்ன வகுப்பு எடுக்கிறவள், உன்னிடம்தான் இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

வியாழக்கிழமைகளில் அவளுடைய இரண்டாம் வகுப்புக்கு உதவிக்குப் போகிறேன். போலீஸ் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஒண்டாரியோவில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பெரும்பாலான வகுப்புகளில் 20 பிள்ளைகளுக்கு மேல் இல்லை, எங்கேயும் 23-ஐத் தாண்டக் கூடாது. நீ சமாளிக்கிற கூட்டத்தை நினைத்துக்கொண்டேன்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கம்பளத்தில் வட்டமாக உட்காருவார்கள். ஒரு பிள்ளை தனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க நடந்ததை இல்லை, ஒரே ஒரு நிமிடத்தை. முதல் வாரம் டீச்சரே சொன்னார். சின்ன வயதில் அக்காவின் கோப்பையை உடைத்துவிட்டு, பூனை உடைத்ததாகச் சொன்னாராம். சொல்லும்போது அவர் முகம் சிவந்துவிட்டது. பிள்ளைகள் மூச்சு விடாமல் கேட்டார்கள். மறுநாளிலிருந்து, தப்பு செய்ததையும் பயந்ததையும் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை.

கேட்கிறவர்களுக்குத்தான் பெரிய வேலை. கதை முடிந்ததும் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லாம் “நானும் போனேன், எங்க வீட்டுலயும் நாய் இருக்கு” என்று பாயும். சொல்ல வந்த பிள்ளை பாதியில் வாயை மூடிக்கொள்ளும். டீச்சர் அதட்டவில்லை. அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து ஒரு சைகை கற்றுக்கொடுத்தார்: கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டி, கையைத் தனக்கும் எதிரில் இருப்பவருக்கும் நடுவே ஆட்டினால் ‘எனக்கும் அப்படித்தான்’ என்று அர்த்தம். இப்போது யாராவது பேசும்போது பத்துக் கைகள் சத்தமில்லாமல் ஆடுகின்றன. பேசுகிற பிள்ளைக்கு அதைப் பார்த்தே தைரியம் வந்துவிடுகிறது. பிறரோடு பழகுவது, உணர்ச்சிகளைப் புரிந்துகொள்வது எல்லாம் இந்த மாகாணத்தின் 2019 உடற்கல்விப் பாடத்திட்டத்திலேயே உண்டு. ஆனால் அதை நான் கண்ணால் பார்த்தது இந்தக் கம்பளத்தில்தான்.

யாழினி மூன்று மாதமாகப் பள்ளியில் வாயே திறக்காமல் இருந்தது உனக்குத் தெரியும். இங்கிலீஷ் புரிகிறது, பேச வராது. வீட்டில் அழுவாள். அவள் முறை வந்தபோது எனக்குத்தான் கை நடுங்கியது. எழுந்து மூன்றே வாக்கியம் சொன்னாள். ராத்திரி கரண்ட் போனது, ஆச்சி மொட்டை மாடியில் பாய் விரித்து விசிறினாள், நான் தூங்கிவிட்டேன். அவ்வளவுதான்.

வகுப்பு கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரு பையன், விசிறி எதில் செய்தது என்று கேட்டான். பனை ஓலை என்பதற்கு இங்கிலீஷ் தெரியாமல் அவள் கரும்பலகையில் பனைமரத்தையே வரைந்துவிட்டாள். இன்னொரு பெண் மெதுவாகக் கேட்டாள், “நீ தூங்கின பிறகும் விசிறினாங்களா? அவங்களுக்குக் கை வலிக்கலையா?”

யாழினி பதில் சொல்லவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை, அக்கா. அத்தனை வருடம் அம்மாவின் அந்த விசிறிக் காற்றில் தூங்கியிருக்கிறோம், நாம் ஒரு நாளாவது அதைக் கேட்டிருக்கிறோமா?

அந்தப் பெண்தான் இப்போது அவளுக்கு உயிர்த்தோழி. பஸ்ஸில் பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறாள்.

தமிழ்நாட்டு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் நீ எடுக்கிற வகுப்பிலும் கதை சொல்கிறார்களே, ஒரு நாள் பிள்ளைகளின் சொந்தக் கதையைச் சொல்லவிட்டுப் பார். முதல் கதையை நீ சொல். கிணற்றடியில் அம்மாவின் வளையலைத் தொலைத்தாயே, அதைச் சொல்.

சரி, அதற்கு முன்னால் அம்மாவிடம் போய் அந்தக் கேள்வியைக் கேட்டு எழுது. யாழினி பதிலை வகுப்பில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்திருக்கிறாள். தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறாள்.

அன்புடன்,
உன் தங்கை