பிரிவு 5 தந்த அதிகாரம்: நீலகிரியில் பயிற்சி முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலையில், காட்டில் வாழும் மக்களின் உரிமைகளை ஏற்கும் வன உரிமைச் சட்டத்துக்குப் பயிற்சி முகாம் நடத்தும் துறையினருக்கும், தொண்டு நிறுவனத்தாருக்கும், கிராம சபைத் தீர்மானத்தை எழுதித் தரும் ஊராட்சிச் செயலர்களுக்கும் வணக்கம்.

முகாம் பதாகைகளில் ‘பழங்குடியினருக்கு அதிகாரமளித்தல்’ என்று எழுதுகிறீர்கள். ‘எம்பவர்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படித் தமிழாக்குவது வழக்கமாகிவிட்டது. பதாகையில் இருக்கும்வரை அதனால் நட்டம் ஒன்றுமில்லை. அதே நினைப்போடு தீர்மானப் புத்தகத்தைத் திறக்கும்போதுதான் வம்பு தொடங்குகிறது.

‘எம்பவர்’ 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலச் சட்ட நடையில் புழங்கும் வினை. அதிகாரம் உள்ள ஒருவர், குறிப்பிட்ட ஒரு செயலைச் செய்ய இன்னொருவருக்குச் சட்டப்படி அதிகாரம் தருவது அதன் பொருள். அந்த நடையில் ‘எதைச் செய்ய?’ என்ற கேள்விக்கும் வாக்கியத்திலேயே விடை இருக்கும். நீங்கள் பதாகையில் எழுதுவது இன்னொரு பொருள். மக்கள் தன்னம்பிக்கையும் திறமையும் பெற்றுத் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வருவது. இது 1970களுக்குப் பிறகு சமூகப் பணியிலும் பெண்கள் இயக்கங்களிலும் பரவியது. இதில் ‘எதைச் செய்ய?’ என்று யாரும் கேட்பதில்லை. இந்திய அரசு 2001ஐப் பெண்களுக்கு அதிகாரமளிக்கும் ஆண்டாக அறிவித்தது இந்தப் பொருளில்தான். தமிழ்நாட்டில் இதைக் கவனிக்கும் சமூக நலத் துறையின் பெயரில், தமிழில் ‘மகளிர் உரிமை’ என்று எழுதினார்கள், நல்ல காரியம். ‘அதிகாரம் பண்ணாதே’ என்று பிள்ளைகளை அதட்டும் ஊரில், அதிகாரமளிக்க ஒரு முகாம் என்றால் பெரியவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

பழைய சட்டப் பொருளுக்கு உதாரணம் தேடி இந்த மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. கூடலூர்க் காட்டில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 12.12.1996 அன்று, ‘காடு’ என்ற சொல்லை அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அதே வழக்கில் 2002இல் நீதிமன்றம் அமைத்த குழுவின் பெயர் ‘சென்ட்ரல் எம்பவர்டு கமிட்டி’. அந்தக் குழு உறுப்பினர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டப்பட்டதாக யாரும் நினைக்கவில்லை. இன்னின்னதை விசாரிக்க, இன்னின்ன ஆவணங்களைக் கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்றே எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

வன உரிமைச் சட்டம், 2006இன் பிரிவு 5இலும் இருப்பது அதே சொல், அதே பொருள். வன உரிமை பெற்றவர்களும், அவர்கள் வாழும் இடத்தின் கிராம சபையும், ஊர் அளவிலான அமைப்புகளும் ‘எம்பவர்டு’ என்கிறது சட்டம். எதைச் செய்ய என்பதை நான்கு உட்பிரிவுகளில் சொல்கிறது. (அ) வன உயிர்களையும் காட்டையும் பல்லுயிர் வளத்தையும் காக்க. (ஆ) நீர்ப்பிடிப்புப் பகுதியும் நீர்நிலைகளும் காக்கப்படுவதை உறுதிசெய்ய. (இ) தங்கள் வாழிடத்துக்கும் மரபுக்கும் கேடு வராமல் பார்க்க. (ஈ) சமூக வன வளத்துக்குள், அதாவது ஊரார் மரபாகப் பயன்படுத்தும் பொதுக் காட்டுக்குள், யார் எப்படி நுழைவது என்பதை முறைப்படுத்தவும், காட்டுக்குக் கேடான செயலை நிறுத்தவும் கிராம சபை எடுக்கும் முடிவு கடைப்பிடிக்கப்படுவதை உறுதிசெய்ய. நாடாளுமன்றம் அதைக் கொடுத்தாகிவிட்டது. முகாமில் சான்றிதழோடு சேர்த்து நீங்கள் கொடுப்பதற்கு மீதி இல்லை.

இது புரியாததால் தீர்மானங்கள் மனுவாகிவிடுகின்றன. ‘எங்கள் ஓடையைப் பாதுகாக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதினால், முடிவெடுக்கும் இடத்தை அலுவலகத்துக்கு நகர்த்திவிட்டீர்கள்; அங்கே அது கோப்பில் ஒரு கோரிக்கை, அவ்வளவே. எழுத வேண்டியது இப்படி: ‘வன உரிமைச் சட்டம், 2006, பிரிவு 5(ஆ), 5(ஈ) ஆகியவற்றின்கீழ், இன்ன எல்லைக்குள் உள்ள ஓடையில் குப்பை கொட்டுவதை இந்தக் கிராம சபை தடை செய்கிறது. இதைச் செயல்படுத்தும் பொறுப்பு வன உரிமை விதிகளின் விதி 4(1)(உ)இன்கீழ் அமைத்த குழுவுக்கு உரியது.’ (ஆங்கில மூலத்தில் அந்த விதி எழுத்து ‘e’, தமிழ் வரிசையில் அது ‘உ’. கையிலுள்ள பிரதியைப் பார்த்து ஒரே முறையில் எழுதுங்கள்.) அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை என்றால் முதல் தீர்மானம் அதற்காகவே இருக்கட்டும். உரிமைக் கோரிக்கைகளைப் பெற்றுச் சரிபார்க்கும் வன உரிமைக் குழு வேறு, இது வேறு. வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்காவது பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். இரண்டையும் ஒரே பெயரில் எழுதிக் குழப்பினால் பிறகு எந்தத் தீர்மானத்தையும் தூக்கிப் போடக் காரணம் கிடைத்துவிடும்.

இதைவிட அதிகம் தவறுவது கோரத்தில், அதாவது சபை செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கில். ஊராட்சிச் சட்டப்படி நடக்கும் கிராம சபையில் மக்கள்தொகை 3001 முதல் 10,000 வரை என்றால் 200 பேர் வந்தால் போதும். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. 2012இல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகளின்படி கிராம சபை உறுப்பினர்களில், அதாவது வயது வந்தவர்களில், பாதிப் பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உரிமைக் கோரிக்கை பற்றிய தீர்மானம் என்றால் கோரிக்கையாளர்களில் பாதிப் பேராவது நேரிலோ பிரதிநிதி மூலமோ இருக்க வேண்டும். வயது வந்தவர்கள் 120 பேர் உள்ள ஒரு குடியிருப்பில் 60 பேர், அவர்களில் 20 பெண்கள். ஆகஸ்டு 15 அன்று ஊராட்சி முழுவதற்கும் கூட்டும் சபையில் இது ஒருபோதும் நிறையாது. தோடர் மந்து, கோத்தர் கோக்கால், பணியர் பாடி என்று ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனித்தனியாகச் சபை கூட்ட வழி இருக்கிறது: விதி 2ஏ. ஊராட்சி தன் எல்லைக்குள் உள்ள குடியிருப்புகளைப் பட்டியலிட்டு, அந்தந்தக் குடியிருப்பின் சபையில் ஒப்புதல் பெற வேண்டும். பதிவேட்டில் ஏறாத குடியிருப்புகளையும் விடக் கூடாது.

அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. அதையும் முகாமில் சொல்லுங்கள். பிரிவு 5 காக்கவும் முறைப்படுத்தவும் தரப்பட்டது. அதைக் காட்டி மரம் வெட்ட முடியாது. பள்ளி, சாலை போன்ற 13 வசதிகளுக்குக் காட்டு நிலம் தருவது பிரிவு 3(2)இல் தனியாக இருக்கிறது: ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல், கிராம சபையின் பரிந்துரையோடு.

உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபைக்கு அடுத்துப் பரிசீலிக்கும் உட்கோட்டக் குழுவோ மாவட்டக் குழுவோ தீர்மானத்தில் குறை கண்டால், உரிமைக் கோரிக்கையைத் தாமே திருத்தவோ தள்ளவோ கூடாது. மறுபரிசீலனைக்குக் கிராம சபைக்கே திருப்ப வேண்டும் என்கிறது விதி 12ஏ. அதன் பிறகும் நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபை முடிவால் பாதிக்கப்பட்டவர் உட்கோட்டக் குழுவுக்கு 60 நாளில் மேல்முறையீடு செய்யலாம். அதன் முடிவின் மேல் மாவட்டக் குழுவுக்கு இன்னொரு 60 நாள். நாள் எண்ணுவது முடிவு வந்த தேதியிலிருந்து. அதனால் ஒவ்வொரு தீர்மானத்திலும் தேதி, வந்தவர் எண்ணிக்கை, அதில் பெண்கள் எத்தனை, கையெழுத்து அல்லது கைரேகை எல்லாம் அன்றைக்கே ஏற வேண்டும். அனுப்பும் பிரதிக்கு அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கி, மூலப் புத்தகத்தை ஊரிலேயே வையுங்கள்.

அடுத்த முகாமின் முதல் ஒரு மணி நேரத்தைப் பிரிவு 5ஐ உரக்க வாசிக்க ஒதுக்குங்கள். தமிழ் சரளமாக இல்லாத ஊர்களில் அவரவர் மொழியில் அது சொல்லப்படட்டும். மீதி நேரத்தில் அந்த ஊரின் உண்மையான ஒரு பிரச்சினைக்கு, தேன் எடுக்கும் பாறையோ குடிநீர் ஊற்றோ எதுவானாலும், ஒரு தீர்மானத்தை அவர்களே எழுதட்டும்.

இப்படிக்கு,
வன உரிமைப் படிவங்களை நிரப்பவும் தமிழாக்கவும் உதவும் சிலர்,
கூடலூர், கோத்தகிரி