பிரபுக்களின் மாளிகையும் கீழ்த்தளத்துப் பணிப்பெண்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களையும் அவர்களுடைய வேலையாட்களையும் பற்றிய தொலைக்காட்சித் தொடர்களைப் பரிந்துரைத்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தொடர்களை விரும்பிப் பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. அவற்றின் நடிப்பையும் உடையலங்காரத்தையும் கட்டுரையாளர் பாராட்டியிருப்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், எசமானரும் வேலையாளும் ஒரே குடும்பமாக வாழ்ந்த ஒரு காலத்தின் பதிவுகள் இவை என்று அவர் வந்தடைந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. மேல்தளத்தில் பிரபுக் குடும்பம் வாழ, கீழ்த்தளத்தில் வேலையாட்கள் உழைத்த அந்த மாளிகையை யார் நின்று பார்க்கிறார்கள், எந்தத் தளத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கதை மாறுகிறது.

இவ்வகைத் தொடர்களுக்கு வழிகாட்டியாக அமைந்த ‘அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்’ 1971 முதல் 1975 வரை ஐடிவி என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 68 பகுதிகளாக ஒளிபரப்பானது. அதன் மூலக் கருத்து ஜீன் மார்ஷ், ஐலீன் அட்கின்ஸ் என்ற இரண்டு நடிகையருடையது. இருவருடைய பெற்றோர் தலைமுறையிலும் பிறர் வீடுகளில் ஊழியம் பார்த்தவர்கள் இருந்தார்கள். அந்தத் தொடரின் முதல் பகுதியிலேயே, லண்டன் ஈட்டன் பிளேஸில் உள்ள பெல்லமி குடும்பத்துக்கு வேலை தேடி வரும் பெண் தன் பெயரைக் கிளெமென்ஸ் என்று சொல்கிறாள். அது வேலைக்காரிக்கு ஏற்ற பெயர் இல்லை என்று கூறி, வீட்டுத் தலைவி அவளுக்குச் சேரா என்று பெயர் வைத்துவிடுகிறார். குரல் உயரவில்லை, கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. தேநீருக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கும் அதே தொனியில் ஒருத்தியின் பெயர் பறிக்கப்படுகிறது. பெரிய வீடுகளில் வேலையாட்களின் பெயரை எசமானர்கள் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது. அதைக் கதையின் வாசலிலேயே வைக்கத் தோன்றியது, கீழ்த்தளத்தின் நினைவை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களின் பங்களிப்பு என்றே நான் கருதுகிறேன். அதே முதல் பருவத்தில், காதலில் தோற்ற எமிலி என்ற சமையலறைப் பணிப்பெண் தூக்கிட்டு இறக்கிறாள். அந்த இறப்பை இனிமையாக்க அத்தொடர் முயலவே இல்லை.

கட்டுரையாளர் மிகவும் உயர்த்திப் பேசும் ‘டவுன்டன் அபே’ 2010இல் தொடங்கி 2015 வரை வந்தது. அதை எழுதிய ஜூலியன் ஃபெல்லோஸ், முதல் பருவம் ஒளிபரப்பான சில மாதங்களில், 2011 ஜனவரியில், கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில் பிரபுக்கள் சபை உறுப்பினரானவர். அவருடைய எழுத்துத் திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு வரும் நாளிதழை, மை கையில் ஒட்டாதிருக்க வேலையாள் இஸ்திரி போடும் அந்தத் தொடக்கக் காட்சி, ஒரு வீட்டின் படிநிலை முழுவதையும் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறது. எத்தல் என்ற பணிப்பெண் ஒரு ராணுவ அதிகாரியால் கருவுற்று, வேலையை இழந்து, கைக்குழந்தையோடு நிற்கும் கதையிலும் நேர்மை இருக்கிறது. என் ஆட்சேபம் அத்தொடரின் பிரபுவைப் பற்றியது. சமையல்காரர் திருமதி பாட்மோருக்குக் கண்புரையால் பார்வை மங்கும்போது, பிரபு தம் செலவில் அவரை லண்டனுக்கு அனுப்பி அறுவை சிகிச்சை செய்விக்கிறார். பார்ப்பவர் மனம் நெகிழும் காட்சிதான் அது. ஆனால் அந்தச் சிகிச்சை சமையல்காரரின் உரிமையாக இல்லை. எசமானரின் நல்ல மனத்தால் கிடைத்த கொடையாகவே இருக்கிறது.

அதே காலத்து வரலாற்றில் நடந்தது வேறு. நோயுற்ற தொழிலாளருக்குப் பணமும் மருத்துவரும் கிடைக்க வழிசெய்த தேசிய காப்பீட்டுச் சட்டத்தை 1911இல் அப்போதைய பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்தபோது, வீட்டு வேலையாட்களும் அதில் சேர்க்கப்பட்டனர். வேலையாளும் எசமானரும் வாரந்தோறும் சில பென்னிகள் செலுத்தி அட்டையில் முத்திரை ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். அதை எதிர்த்து 1911 நவம்பரில் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் எசமானிகள் திரண்டார்கள். பணிப்பெண்களையும் உடன் அழைத்துவந்தார்கள். கதையில் டைட்டானிக் செய்தி வருவதற்கு ஐந்தே மாதங்களுக்கு முன்பு நடந்த கூட்டம் இது. பிறகு 1920இல் வேலையின்மைக் காப்பீடு விரிவாக்கப்பட்டபோது வீட்டு வேலையாட்கள் அதிலிருந்து விலக்கப்பட்டனர். சமையல்காரரின் கண்ணுக்கு அக்கறை காட்டும் ஒரு பிரபுவைக் கற்பனை செய்வது எளிது. அந்த வர்க்கம் வாரத்துக்குச் சில பென்னிகளை மறுத்தது என்பதையும் நாம் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

மேலும், பட்லர், வீட்டு நிர்வாகி அம்மையார், ஏவலர்கள், பணிப்பெண்கள் என்று வரிசையாக நிற்கும் பெரும் படை அக்காலத்துப் பொது நிலை அன்று. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வீட்டு வேலையில் இருந்தனர். பெண்களுக்கான தொழில்களில் அதுவே மிகப் பெரியது. அவர்களில் பெரும்பாலோர் கடைக்காரர், எழுத்தர், மருத்துவர் போன்ற நடுத்தர வர்க்கத்தினரின் வீடுகளில் தனியாகவோ இன்னொருத்தியோடோ எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தவர்கள். கேலி பேசவும் துயரம் பகிரவும் கீழ்த்தளத்து உணவு மேசை அவர்களுக்கு இல்லை.

அவர்களில் சிலர் எழுதி வைத்துச் சென்றிருக்கிறார்கள். விக்டோரியா காலத்தில் வாழ்ந்த ஹன்னா கல்விக் (1833–1909) தம் நாட்குறிப்பில் ஒரு நாளின் வேலையை ஒன்றுவிடாமல் குறித்திருக்கிறார்: சன்னல் கதவுகளைத் திறந்தது, அடுப்பு மூட்டியது, அறைகளைப் பெருக்கியது, பூட்ஸுகளைத் துடைத்தது, கத்திகளைத் தேய்த்தது, மண்டியிட்டு வாசற்படியைக் கழுவியது, பாத்திரம் துலக்கியது என்று அந்தக் குறிப்பு நீள்கிறது. முறையீடு எதுவும் அதில் இல்லை. ஆனால் படிக்கிறவருக்கே மூச்சு வாங்கும். 1907இல் பிறந்து 15 வயதில் ஹோவ் நகரில் சமையலறைப் பணிப்பெண்ணான மார்கரெட் பவெல், 1968இல் வெளியிட்ட நினைவுநூலில், அந்த வீட்டாரின் பூட்ஸ் கயிறுகளுக்குத் தாம் இஸ்திரி போட்டதைச் சொல்கிறார். ஒரு காலையில் நாளிதழை வீட்டு எசமானியிடம் நேராகக் கையால் நீட்டிவிட்டார். வெறுங்கையால் எதையும் என்னிடம் தரக் கூடாது, வெள்ளித் தட்டில் வைத்துத்தான் தர வேண்டும் என்று எசமானி கண்டித்தார். டவுன்டனில் அழகான காட்சியாகிவிட்ட அந்த இஸ்திரிப் பெட்டியும் நாளிதழும், பவெலின் பக்கங்களில் தொட்டுவிடக் கூடாத ஒரு கையின் வரலாறாக இருக்கின்றன. ஆகவே இந்நூலையும் சேர்த்துப் படிக்காமல் தொடரை மட்டும் பார்த்துவிட்டு அக்காலத்தைப் பற்றி முடிவுக்கு வருவது சரியாகாது.

வேலையை விட்டுப் போவதும் எளிதாக இருக்கவில்லை. நன்னடத்தைச் சான்றுக் கடிதம் இல்லாமல் அடுத்த வீட்டில் வேலை கிடைப்பது அரிது. அதைக் கொடுத்தே தீர வேண்டும் என்று எசமானரைக் கட்டாயப்படுத்தும் சட்டமும் கிடையாது. டவுன்டன் தொடரில் பிரபுவின் இளைய மகள் சிபில் பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசுகிறாள். 1918இல் அந்த உரிமை வந்தபோது, 30 வயது நிரம்பிய, சொத்து அல்லது குடியிருப்புத் தகுதி உடைய பெண்களுக்கே கிடைத்தது. எசமானர் வீட்டு மாடியறையில் படுத்துறங்கிய பணிப்பெண் 1928 வரை காத்திருக்க நேர்ந்தது.

நம்மோடு நேரடித் தொடர்புடைய ஒன்றையும் கட்டுரை தொடாமல் விட்டிருக்கிறது. வேல்ஸில் உள்ள பொவிஸ் கோட்டையைப் பார்ப்பவர்கள் அங்கே திப்பு சுல்தானின் கூடாரத்தைக் காணலாம். அதை அங்கே கொண்டு சேர்த்த குடும்பத்தின் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக இருந்தவர். 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் அவருடைய ஆட்சிக் காலத்தில்தான். இப்படிப்பட்ட செல்வம் எத்தனை மாளிகைகளின் கீழ்த்தளத்துக்குக் கூலி கொடுத்தது என்ற கேள்வியை இத்தொடர்கள் எழுப்புவதே இல்லை. அதுபோலவே, ஆங்கிலேயர் குழந்தைகளைக் கப்பலில் பார்த்துக்கொள்ள இந்தியாவிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஆயாக்களில் பலர், கரை சேர்ந்ததும் திரும்பும் வழிச்செலவுகூட இல்லாமல் கைவிடப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் தந்த விடுதி லண்டன் ஹாக்னியில், கிங் எட்வர்ட்ஸ் சாலையில் 1900 முதல் இருந்தது. அந்த 26ஆம் எண் கட்டடத்தில் 2022இல் நீல நிற நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. அந்த ஆயாக்களை மையமாக வைத்து ஒரு தொடர் வந்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

டவுன்டனின் மேல்தளக் காட்சிகள் பெரும்பாலும் ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளியர் மாளிகையில் எடுக்கப்பட்டவை. சமையலறையும் வேலையாட்கள் பகுதியும் ஈலிங் ஸ்டுடியோவில் போடப்பட்ட அரங்குகள். கட்டுரையாளர் இத்தொடர்களைப் பற்றி மீண்டும் எழுதும்போது, ஹன்னா கல்விக், மார்கரெட் பவெல் ஆகியோரின் எழுத்துகளையும் ஹாக்னி விடுதியின் வரலாற்றையும் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்துமாறு தங்கள் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றிலிருந்து சில பக்கங்களையேனும் ஞாயிறு இணைப்பில் தமிழில் வெளியிட்டால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
மதுரை.