மாடிக்கு லாரித் தண்ணீரா?

டேய் சேகர்,

இரண்டு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டி முடித்தாயிற்றா? சரி. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, எழுது.

இப்போது உன் கூத்துக்கு வருகிறேன். மொட்டைமாடியில் கோணி விரித்து லாரித் தண்ணீரைத் தெளிக்கிறாயாமே! நம் கூட்டாளி பாச்சாகூட இப்படிச் செய்யமாட்டான். வீடு குளிரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானாலே உன் 1000 சதுர அடிக்கு 450 லிட்டருக்கு மேல் போய்விடும். ஜன்னலில் நனைத்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டியும் உனக்குச் சரிவராது. 38 டிகிரி, 30% ஈரப்பதம் உள்ள உள்நாட்டு ஊரில் தட்டி வழியே வரும் காற்று 24 டிகிரியை நெருங்கலாம். 34 டிகிரி, 70% இருக்கும் சென்னையில் 29-க்குக் கீழே இறங்கவே இறங்காது.

வெப்பம் உள்ளே வருவதற்கு முன்பே அதைத் திருப்பி அனுப்பு. பழைய சிமென்ட் தளம் வெயிலில் முப்பது சதவீதம்போலத்தான் திருப்பும். புதுச் சுண்ணாம்பு எழுபதைத் தாண்டும். கூரையில் ஒட்டலாமென்று நீ குதிக்கிற அந்தக் குளிர்ச்சிப் படலம் போன்ற ஒன்று, 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் வெயிலிலேயே சுற்றுக் காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்தது உண்மைதான். அது வெப்பத்தை 8–13 மைக்ரான் நீள அகச்சிவப்பு அலைகளாக வானத்துக்கு அனுப்புகிறது. கடலோரக் காற்றின் ஈரம் அந்த வழியைப் பாதி அடைத்துவிடும். காசுக்குச் சுண்ணாம்பே மேல்.

பாசியைச் சுரண்டிக் கழுவு, விரிசலை அடை; சுண்ணாம்பு ஒழுகலை நிறுத்தாது. சுண்ணாம்புக்கு, சுட்ட கிளிஞ்சலைக் கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீரில் போட்டுத் தாளி, அதாவது கொதித்து நீறவிடு. தண்ணீருக்குள் கிளிஞ்சலைப் போடவேண்டும், கிளிஞ்சல் மேல் தண்ணீரை ஊற்றாதே, தெறிக்கும்; கண்ணாடி போட்டுக்கொள். ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டு. பிடிப்புக்குக் கொஞ்சம் ஃபெவிகால்.

எல்லாரும் கோட்டைவிடுவது அடுத்த இடத்தில்தான். உச்சி வெயிலில், சுடுகிற தளத்தில் பூசுவார்கள். ஈரம் நொடியில் போய்விடும், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாகாமல் வெறும் மாவாக நின்றுவிடும். கால் வைத்தால் வெள்ளைப் பாதம்! சாயங்காலம் தளத்தை நனைத்து, மெல்லிசாக இரண்டு பூச்சு, ஒன்றுக்குக் குறுக்காக மற்றொன்று. மறுநாளும் சாயங்காலம் லேசாகத் தெளி. தடியாகப் பூசினால் செதில் செதிலாக உரியும். வருஷா வருஷம் மாசியில் திரும்பப் பூசவேண்டும்.

இனி சம்ப், அதாவது மாடி மழைநீர் இறங்கும் நிலத்தடித் தொட்டி. பூசிய பிறகு வரும் முதல் மழை காரமாக, வெள்ளையாக இறங்கும். வடிகட்டி மணலையும் அடைக்கும். குழாயில் ஒரு வால்வு வைத்து முதல் இரண்டு மழையை வெளியே விடு. அப்புறம் ஒவ்வொரு மழையிலும் முதல் 2 மி.மீ., அதாவது சுமார் 190 லிட்டர், சம்புக்குள் போகவேண்டாம். அதற்குப்பின் 1 செ.மீ. பெய்தாலே 800 லிட்டர் கிடைக்கும்.

தாளிக்கப் பிளாஸ்டிக் வாளி எடுக்காதே, கொதிக்கிற சூட்டில் இளகிவிடும்; இரும்பு டிரம் எடு. பாச்சா வாளி என்ன ஆயிற்றென்று தெரியுமல்லவா?

உன்,
கண்ணன்