ட்ரிகர் கார்ட் இல்லாத லீ-என்பீல்ட்

அன்புள்ள குகன்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது என்று அறிந்ததில் பெரிய ஆறுதல். இங்கே எல்லோரும் சுகம். மற்றக் கதைகளைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நீ வாங்கிய, ட்ரிகர் கார்ட் (ட்ரிகரைச் சுற்றி நிற்கும் இரும்பு வளைவு) இல்லாத லீ-என்பீல்ட் துவக்குக்கு வருகிறேன். கார்ட் சரியாகப் பொருந்தும்வரை அதில் ஒரு ரவை கூடப் போடாதே.

போல்ட் ஓடும் இரும்பு உடலின் இடப்பக்கத்தில் லோங் பிராஞ்ச், நம்பர் 4 மார்க் 1 ஸ்டார், 1943 என்று தெளிவாகத் தெரிகிறது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் இருந்த ஸ்மோல் ஆம்ஸ் லிமிடெட் தொழிற்சாலையில் செய்தது. நல்ல துவக்கு. கனேடிய ரேஞ்சர்கள் 2018இல் சி19 என்ற புதிய துவக்கு வரத் தொடங்கும்வரை இந்த இனத்தைத்தான் வடக்கின் குளிரில் சுமந்து திரிந்தார்கள்.

"கார்ட் மட்டும்தான் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். இந்த மார்க்கில் அப்படி இருக்க வழியில்லை. மார்க் 1, மார்க் 1 ஸ்டார் இரண்டிலும் ட்ரிகர் உடலில் தொங்குவதில்லை, கார்ட்டிலேயே ஒரு சின்னப் பின்னில் மாட்டியிருக்கும். கார்ட் போனால் ட்ரிகரும் அதோடு போய்விடும். உன் படத்திலும் ட்ரிகர் இல்லை. போருக்குப் பிறகு வந்த மார்க் 2இல்தான் ட்ரிகரை உடலிலேயே மாட்டினார்கள். பழைய மார்க் 1 ஸ்டார்களில் சிலவற்றையும் அப்படி மாற்றி, பக்கத்தில் 1/3 என்று பொறித்தார்கள். உன்னுடையதில் அந்த எழுத்து இல்லை, அதனால் மார்க் 2 கார்ட் உனக்கு உதவாது. முதலாம் உலகப்போர்க் காலத்து நம்பர் 1 துவக்கின் கார்ட்டும் பொருந்தாது. விற்பவர் "லீ-என்பீல்ட் கார்ட்" என்று மட்டும் எழுதியிருந்தால், ட்ரிகர் பின்னுக்கான துளை இருக்கிறதா என்று படம் கேட்டுப் பார்த்த பிறகே காசைக் கட்டு.

நீ தேட வேண்டியவை: கார்ட், ட்ரிகர், ட்ரிகர் பின், முன் திருகாணி, பின் திருகாணி, முன் திருகாணி நுழைகிற இரும்புக் கொலர். கொலரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆறையும் ஒரே இடத்தில் ஒரே தொகுதியாக வாங்க முடிந்தால் அதுதான் நல்லது. லோங் பிராஞ்சின் எல்.பி. குறி உள்ள கார்ட் கிடைத்தால் அழகு, ஆனால் அமெரிக்காவில் இதே துவக்கைச் செய்த சவேஜின் சதுர எஸ் குறி உள்ளதும் வேலையில் குறைந்ததில்லை. கடைந்து எடுத்த உருக்குக் கார்ட்டும் உண்டு, தகட்டை அழுத்திச் செய்ததும் உண்டு. இரண்டும் இராணுவம் ஏற்றுக்கொண்டவைதான். பிளாஸ்டிக்கில் அச்சிட்டவற்றை மட்டும் வாங்காதே. ட்ரிகரின் முழு விசையும் அந்தப் பின்னின் துளையில்தான் விழுகிறது. திருகாணிகள் பழைய பிரிட்டிஷ் மரை கொண்டவை. அமெரிக்க மரையோ மெட்ரிக் மரையோ இரண்டு சுற்றுப் போனதும் இறுகும். அதை அமத்தித் திருகினால் உடலின் மரையே போய்விடும், பிறகு அதைத் திருத்துவது பெரிய வேலை.

கார்ட் வந்ததும் நேராகப் பூட்டிவிடாதே. முன்கட்டையை (குழலுக்குக் கீழே உள்ள மரத்தை) உடலோடு இறுக்கிப் பிடிப்பதும் இந்தக் கார்ட்தான். அது தளர்ந்திருந்தபோது யாராவது சுட்டிருந்தால் கட்டையின் பின்முனை உதைபட்டு வெடித்திருக்கலாம். போல்ட்டையும் மகசினையும் கழற்று. வளையங்களை எடுத்துவிட்டு முன்கட்டையை நேராகக் கீழே இழுத்து எடு. நெம்பாதே, நெம்பினால் நல்ல கட்டையும் பிளக்கும். பின்முனையில் உதையைத் தாங்கி உடலில் முட்டுகிற இரண்டு முகங்களையும் வெளிச்சத்தில் பார். மயிரளவு வெடிப்பு இருந்தாலும் அசிட்டோனால் எண்ணெயை இழுத்தெடுத்து, காயவிட்டு, எப்பொக்சி வைத்து ஒட்டின பிறகே மற்ற வேலை. எண்ணெய் ஊறின மரத்தில் பசை பிடிக்காது.

இனிக் கொலர். அது கார்ட்டுக்கும் உடலுக்கும் நடுவே தூணாக நின்று, திருகாணி மரத்தை நசுக்காமல் காக்கிறது. கட்டையை மாட்டி, கொலரைத் துளையில் வைத்து, கார்ட்டை வைத்து, முன் திருகாணியை முதலில் இறுக்கு. கார்ட் முதலில் மரத்தைத் தொட வேண்டும். அதற்குப் பிறகு ஏறக்குறையக் கால் சுற்று இறுகி, கொலரில் முட்டி நிற்க வேண்டும். முட்டின பிறகும் முன்கட்டை கையால் ஆட்டினால் ஆடுகிறதென்றால் மரம் சுருங்கியிருக்கிறது, கொலர் நீளம் கூட. கொலரின் முகத்தைத் தட்டை அரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய், ஒவ்வொரு தடவையும் பூட்டிப் பார். முகம் சாய்ந்தால் கார்ட்டும் சாயும். முட்டாமல் இறுகிக்கொண்டே போனால் கொலரின் நீளம் போதாது, வேறு வாங்கு. பின் திருகாணி அதற்குப் பிறகுதான். அதைப் பூட்டக் கார்ட்டை வளைத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் கார்ட் கோணியிருக்கிறது. மகசின் வாயில் உரசினாலும் அதே காரணமாக இருக்கலாம். திருகாணி வெட்டின் அகலத்துக்கும் தடிப்புக்கும் சரியான திருப்புளியைப் பாவி.

இவ்வளவு கவனம் எதற்கென்றால், ட்ரிகர் கார்ட்டில் இருப்பதால் கார்ட்டின் உயரம் மாறினால் ட்ரிகருக்கும், நாணேறிய போல்ட்டைப் பிடித்து நிறுத்தும் சியருக்கும் உள்ள இடைவெளியும் மாறும். போல்ட்டைப் போட்டு வெறுமையாக நாணேற்றிப் பார். முதலில் இலேசான ஒரு இழுப்பு, பிறகு ஒரு தடை, அதற்குப் பிறகே விடுபட வேண்டும். இராணுவ அளவில் இரண்டாம் இழுப்பு 5 முதல் 6½ இறாத்தல். முதல் இழுப்பே இல்லையென்றால் ட்ரிகர் ஏற்கனவே சியரைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது, அந்தத் துவக்கு தானாக வெடிக்கக்கூடும். அப்போது சியரிலோ ட்ரிகரின் மேடுகளிலோ அரம் வைக்காதே. கடினப்படுத்திய மேற்பரப்பு போனால் திரும்ப வராது. கொலரையும் கட்டையையும் மறுபடி பார். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்.

கடைசிச் சோதனை: போல்ட்டைப் பலமாக அடித்து மூடு. நாண் (நாணேற்றியதும் போல்ட்டின் பின்னால் நிற்கும் துண்டு) விழக் கூடாது. சேப்டியைப் போட்டு ட்ரிகரை இழுத்து விடு, பிறகு சேப்டியை எடு. அப்போதும் விழக் கூடாது. நாணேற்றி ரப்பர் விரிப்பில் சோங்கை (தோளில் வைக்கும் பின்கட்டையை) தட்டிப் பார். இதையெல்லாம் பல தடவை செய். ஒரு தடவை விழுந்தாலும் துவக்குத் திருத்துபவரிடம் கொண்டு போ. அவரிடம் போகும்போது ஹெட்ஸ்பேஸையும் (மூடிய போல்ட்டின் முகத்துக்கும் ரவை முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியையும்) அளக்கச் சொல்லு. கார்ட் தொலைந்த துவக்கில் போல்ட்டும் மாறியிருக்கக்கூடும். போல்ட் பிடியில் உள்ள இலக்கமும் உடலில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று இன்றைக்கே பார்த்துவிடு.

குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் மரம் காய்ந்து சுருங்கும். அதனால் மான் காலத்துக்கு முன் ஒருமுறை முன் திருகாணியையும் முதல் இழுப்பையும் திரும்பப் பார்.

மகள் செப்டெம்பரில் வாட்டர்லூ போகிறாள். வீடு இப்போதே அமைதியாகிவிட்டது போல இருக்கிறது. நீங்கள் எல்லோரும் அதற்கு முன் ஒரு கிழமை வந்து நில்லுங்கள். வரும்போது முன்கட்டையையும் கொலரையும் கொண்டு வா, என்னிடம் நல்ல தட்டை அரம் இருக்கிறது.

அன்புடன்,
சேகர்