உள்ளே கொஞ்சம் துணி விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பேத்திக்குக் கடையில் வாங்கிய கவுன் ஏறிவிட்டதே, கொஞ்சம் இறக்கிவிடலாம் என்று கீழ் மடிப்பைப் பிரிக்கப் போனேன். அரை அங்குலத் துணிகூட உள்ளே இல்லை. பக்கத் தையலில் அதுவும் கிடையாது. சாயம் போகவில்லை, எங்கும் கிழியவில்லை. பிள்ளைக்கு மட்டும் ஆகவில்லை. இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

மூன்று பிள்ளைகளில் நான் நடுவில் பிறந்தவள். தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் அம்மா தையல்காரரிடம் முதலில் சொல்வது, “வளர்ற பிள்ளை, உள்ளே துணி விட்டுத் தைங்க” என்பதுதான். அதற்கு முந்தின நாளே துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்திருப்பார். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். தைத்த பிறகு சுருங்கினால், விட்ட துணியெல்லாம் அந்தக் கணக்கிலேயே போய்விடும் அல்லவா?

பாவாடையின் கீழே நாலு விரல் அகலத்துக்கு மடிப்பு இருக்கும். அதற்கு மேலே துணியை மடித்துத் தைத்த பட்டைகளாக இரண்டு டக் பிடித்திருக்கும். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். எங்களுக்கு அது அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும். பிரித்துவிடும்போதுதான் சிக்கல். உள்ளே இருந்த துணி வெயில் படாமல் அடர்நிறமாகவே இருக்கும். வெளியே இருந்தது வெளுத்திருக்கும். மடித்த இடத்தில் தேய்ந்த கோடு வேறு. அந்தக் கோட்டின்மேல் அம்மா லேஸ் வைத்துத் தைத்துவிடுவார். “லேஸை எண்ணினா பாவாடைக்கு என்ன வயசுன்னு சொல்லிடலாம்” என்றாள் வகுப்பில் ஒருத்தி. அன்றைக்கு அழுதேன். இப்போது யோசித்தால், அவள் சொன்னது சரியான கணக்கு.

அப்பாவின் சட்டையில் முதலில் நைவது காலர்தான். அம்மா அதைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்துத் தைப்பார். புதுச்சட்டை மாதிரி இன்னும் கொஞ்ச காலம் ஓடும். திருப்பிய பக்கமும் நைந்தால் சட்டையை வெட்டித் தம்பிக்கு. அவனுக்கும் ஆகாமல் போனால் முதுகுப்பக்கம் தலையணை உறையாகும். மிச்சம் அடுப்படிக்குக் கரித்துணியாகப் போகும். போகும் முன் பட்டன்களை அறுத்து ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவார். எங்கள் சட்டைகளில் ஒரே மாதிரி பட்டன்கள் வரிசையாக இருந்ததே அபூர்வம். ஒத்துப்போகாத பட்டனை அம்மா எப்போதும் கடைசியில்தான் வைப்பார். அந்த இடம் உள்ளே செருகிக்கொள்ளும்போது மறைந்துவிடும்.

செருப்பு விஷயத்தில் மட்டும் நான் எங்கள் வீட்டுக் கட்சி இல்லை. அக்காவின் பள்ளி ஷூ அப்படியே எனக்கு வரும். பெரிதாக இருந்தால் முன்னால் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடைத்துவிடுவார் அப்பா. (உங்கள் நாளிதழாகக்கூட இருந்திருக்கலாம்.) குதிகால் வழுக்கிக்கொண்டே இருக்கும், கொப்புளம் ஆறும் முன் அதே இடத்தில் இன்னொன்று வரும். ஒருவர் போட்டு நடந்த ஷூவின் உட்பக்கம் அவர் கால் வாகுக்கே பதிந்துவிடும், தேய்மானமும் அவர் நடைப்படிதான் இருக்கும். சட்டை கை மாறலாம், ஷூ மாறக் கூடாது என்பது என் கட்சி. ரப்பர் செருப்பில் வார் பிய்ந்தால் ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டதெல்லாம் சரிதான், அதில் குறையே இல்லை.

சரி, கடைத் துணியில் ஏன் உள்ளே ஒன்றும் இல்லை? ஓவர்லாக் எந்திரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊசிக்கு முன்னால் ஒரு கத்தி இருக்கிறது. அது ஓரத்தை வெட்டிக்கொண்டே போக, நூல் அதைச் சுற்றிக் கட்டிக்கொண்டே வரும். வேகம், நூல் பிரியாத ஓரம், துணி மிச்சம் என்று தைப்பவருக்கு எல்லாமே லாபம். வாங்குபவருக்குத்தான் பிரித்துவிட வழியில்லை. ஆயிரக்கணக்கில் வெட்டும்போது ஓர் அங்குலமும் பெரிய செலவுதான், எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த மிச்சத்துக்காக நாங்கள் முழு உடையையும் ஒதுக்க வேண்டியிருக்கிறதே. பசையால் ஒட்டி வரும் ஷூக்களும் இதே ரகம்தான். தைத்த அடிப்பாகத்தைப் பிரித்து வேறு போடலாம். பல ஒட்டு ஷூக்களைக் கொண்டுபோனால் செருப்புத் தைப்பவரே கையை விரித்துவிடுகிறார். பிரான்சில் 2023 முதல் துணியையும் ஷூவையும் பழுது பார்த்தால் கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துக்கொடுக்கும் திட்டம் இருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் பழுது பார்க்க இடம் விட்டுத் தைத்திருந்தால்தானே அதற்கும் வேலை?

பிள்ளைகளுக்குத் தைக்கும் நிறுவனங்கள் எல்லா இடத்திலும் விட வேண்டாம். கவுனுக்கும் பாவாடைக்கும் கீழ் மடிப்பில் இரண்டு அங்குலம், கால்சட்டைக்கு இடுப்பின் பின்தையலில் ஓர் அங்குலம் விட்டால் போதும். விட்டிருக்கிறோம் என்று சீட்டில் அச்சடித்தும் விடுங்கள், நாங்கள் அதைப் பார்த்து வாங்குகிறோம். வாசகர்களும் கடையில் நிறத்தைப் பார்த்த பிறகு, துணியை உள்பக்கம் திருப்பி ஒருமுறை பார்க்கட்டும். அப்புறம் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சீருடைக்கு மொத்தமாகத் தைக்கக் கொடுப்பவர்கள் நீங்கள்தான், நீங்கள் கேட்டால் விட்டுத் தைப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி